தேவசகாயம் சாரின் சாவி

தேவசகாயம் சாரின் மகள் போன் செய்தபோது ஆனையூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாங்க சார். அந்தச் சாவி தலகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு" என்றார். எந்தச் சாவி என்று நான் கேட்கவில்லை.

ஒரே மிஷன் பள்ளியில் நான் ஆசிரியர், தேவசகாயம் சார் எழுத்தர். மாதம் ஒரு சனிக்கிழமை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர் காலத்துச் சகோதர சங்கக் கட்டிடத்துக்குப் போவார். வக்கீல், டாக்டர், ஜவுளிக்கடை பாய் எல்லோரும் அங்கே 'பிரதர்'. வெளியே நின்று மூன்று முறை தட்டுவார். உள்ளிருந்தும் மூன்று முறை தட்டுவார்கள். பிறகே கதவு திறக்கும். தெருவில் அதற்குப் பேய் பங்களா என்று பெயர்.

"உள்ள என்னதான் சார் பண்றீங்க?"

"பேய்க்குப் பிரியாணி போடுறோம்."

எவ்வளவு வாயைப் பிடுங்கினாலும் அதற்குமேல் வராது.

சகோதரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, செயலாளரான அவர் மட்டும் மிஞ்சினார். சங்கம் முடிந்தால் கட்டிடம் ஊருக்குப் படிப்பகமாக வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சங்கம் முடிந்தால் நடவடிக்கைப் புத்தகங்களை எரித்துவிட வேண்டும் என்பதும் அவர்கள் விதி. சார் விதி மீறாதவர். அத்தனையையும் கொல்லையில் போட்டு எரித்தார். படிப்பகத் தீர்மானமும் அதற்குள்தான் இருந்தது.

பின்கட்டில் வாடகைக்கு இருந்த பந்தல் சாமான் கடைக்காரர் முழுக் கட்டிடமும் தனதென்று பூட்டை மாற்றினார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் தீர்மானத்தைக் கேட்டார்கள். "எரிச்சுட்டேங்கய்யா" என்றார் சார். வழக்கு அங்கேயே முடிந்தது.

எனக்கு அவர்மேல் கோபம், இன்றும் ஆறவில்லை. "அந்த ஒத்தத் தாளக் கிழிச்சு வச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"பிரதர்ஸ்க்குக் குடுத்த வாக்கு சார்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்புட்டுப் பேரும் என்னய நம்பித்தான கண்ண மூடுனாங்க. நானே கொளுத்திட்டேன்."

அதன்பிறகு அவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கோட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

வில்லாபுரத்தில் அவர் வீட்டு வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகில் அந்தப் பந்தல் சாமான் கடையின் பெயர். அவசரத்தில் யாரோ சொல்லி வந்திருக்கின்றன. கடைசிவரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் மகள் சாவியை என் கையில் கொடுத்தார். நேரே அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். சாவி நுழையக்கூட இல்லை. நான் உங்கள் சங்கத்து ஆளில்லை சார். ஆனாலும் வழியனுப்ப வேறு யார் இருக்கிறார்கள்? "போய் வாங்க, பிரதர்" என்று சொல்லி மூன்று முறை தட்டினேன்.

கதவைத் திறந்தவர் கேட்டார்: "எத்தன சேருண்ணே வேணும்?"