வேறு ஆமி

லண்டன் டூட்டிங்கில் நாங்கள் இருந்த வீட்டில் ‘ஆமி’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது: யாழ்ப்பாணத்தில் எங்களை ஓட வைத்த இராணுவத்தினர். ஆகவே பட்டம் பெற்ற பின், பிரித்தானியப் படையில் பகுதிநேரப் புலனாய்வு அதிகாரியாகச் சேர விரும்பியதை அம்மாவிடம் நெடுநாள் சொல்லவில்லை.

அந்த விருப்பம் வீரத்தால் வந்ததல்ல. எங்கள் தெருவில் ஷெல் விழுந்தது யாரோ கொடுத்த பிழையான தகவலால் என்று கேட்டு வளர்ந்தவள் நான். தகவலைச் சரிபார்க்கும் இடத்தில் பொறுப்புள்ள ஒருத்தி இருந்தால் ஏதோவொரு தெருவாவது தப்பும் என்று நம்பினேன். பிழையான உளவுத் தகவலைக் காட்டி நடத்திய ஈராக் போருக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்தபோது அந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

படையின் அறிமுகக் கூட்டமொன்றில் சந்தித்த கப்டன் ஒருவர் விண்ணப்பத்தைப் பலப்படுத்தும் வழிகளைச் சொன்னார். உடலைத் தயார்செய்ய வேண்டும். ஒரு மொழி கற்க வேண்டும். செய்திகளைப் படித்து, தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதிப் பழக வேண்டும். மழையிலும் பூங்காவைச் சுற்றி ஓடினேன். அரபு வகுப்பு முடிந்து பஸ்ஸின் மேல்தட்டில் திரும்பும்போது, சீருடையணிந்த என்னைக் கண்ணாடியில் தேடுவேன். அவளிடம் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளாக ஆகிவிட எவ்வளவு ஏங்கினேன்!

அடுத்த சந்திப்பில் கப்டன் நான் எழுதியவற்றைப் பாராட்டினார். ஆனால் என் அரபு இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்றும், என்னுடைய பெரிய பலம் தமிழே என்பதால் விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதும்படியும் சொன்னார். வெளிநாட்டு உறவினர்களைப் பற்றியும் விசாரிப்பார்கள் என்றார்.

அன்று மாலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இது வேற ஆமி, அம்மா.”

“ஓம். காலில போடுற சப்பாத்து மட்டும் ஒண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

“வன்னியில இருக்கிற மாமாவின்ர பேரும் குடுக்கவேணுமோ?”

“கேட்டால் சொல்லத்தான் வேணும்.”

“அப்ப, அவன் ரெலிபோனில கதைக்கிறதை நாளைக்கு நீயே ஒட்டுக்கேட்பியோ, பிள்ளை?”

அப்படி எதுவும் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஊகம். அவர்களுக்கு என் தமிழ் வேண்டும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. நான் எழுதும் ஒரு வரி, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில், மாமாவின் வாசலில் போய் என்னவாகும் என்று எந்தக் கப்டனாலும் உறுதி தர முடியாது.

இரண்டு நாள் யோசித்து, விண்ணப்பிக்கப் போவதில்லை என்று கப்டனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். புரிகிறது என்றார், மனம் மாறினால் அழைக்கும்படி சொல்லி, மரியாதையோடு வைத்துவிட்டார். அன்று செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும், அவர் என்னோடு கொஞ்சமாவது வாதாடியிருக்கலாம்.