இருபத்தைந்து பத்திரிகை

பல வருஷங்களுக்கு முன், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலையைக் கையில் கொட்டிக்கொண்டபோதுதான், தாளின் உட்புறத்தில் டீச்சரின் பெயரைப் பார்த்தேன். மணமகள் என்ற சொல்லுக்குக் கீழே இருந்தது. நான் அச்சடித்த தாள்.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் அவர். நாற்பத்தைந்து வயதில், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக, நான் வேலை பார்த்த ஆப்செட் அச்சகத்துக்கு வந்து மெல்லச் சொன்னார். "இருபத்தஞ்சு பத்திரிகை போதும்ப்பா. ரொம்ப வேண்டியவங்களுக்கு மட்டுந்தான். வெறும் வாய மெல்றவங்களுக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடக் கூடாது."

நான் சிரித்தேன். பாவி, சிரித்தேனே! "இருபத்தஞ்சுக்கு யாருங்க டீச்சர் மெஷின ஓட்டிக்கினு இருப்பாங்க? பிளேட்டு போட்டு, மை ஏத்தி, கலர் ஒத்து வர்றதுக்குள்ளயே அவ்ளோ தாளு வீணாப் போயிடும். ஐந்நூறுக்குக் கம்மியா அடிக்க மாட்டோம்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். டீச்சர் ஐந்நூறுக்கான காசை எடுத்து வைத்தார். அடித்து முடித்ததும் இருபத்தைந்தை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "மீதிய கொளுத்திடுப்பா, மறந்துடாத" என்றார். சரியென்று தலையாட்டினேன். மறக்கவெல்லாம் இல்லை. சோம்பேறித்தனம். வீண் தாள்களோடு சேர்த்துக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டேன்.

ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. பள்ளிக்கூடக் கரும்பலகையில் அந்தத் தாளை யாரோ ஒட்டி வைத்தார்களாம். டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டார். நான் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. எல்லாம் பேப்பர்காரர் செய்த வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

இப்போது அதே திண்டிவனத்தில் டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிளேட்டு கிடையாது, கலர் ஒத்து வரும்வரை தாளை வீணாக்குவதும் கிடையாது. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் இன்றும் ஆப்செட்தான் கட்டுப்படியாகும். ஒன்று போதும் என்பவருக்கு இதில் ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுக்கலாம்.

போன மாதம் டீச்சர் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. கணவரின் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பத்து அழைப்பு வேண்டும் என்றார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அது என்னை இன்னும் கூனிக்குறுக வைத்தது. பத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "டீச்சர், அன்னிக்கு நான் பண்ணது..." என்று ஆரம்பித்தேன்.

"மீதி எதுனா வந்துச்சாப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். இதுல மீதியே வராது."

அவர் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறத என் கண்ணெதிர அழிச்சிடு. அப்புறமா போறேன்."