கணவாய் வறுக்கச் சொன்ன நாள்

பாரிஸில், லா சப்பலில் குடியிருக்கும் சாரதாதேவிக்கு ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹொங்கொங் உணவகத்தில் வேலை. மரக்கறி வெட்டுவது, சோறு அவிப்பது, அடுப்படி துடைப்பது. முதலாளி மதாம் லியுங்குக்கும் சமையல்காரர் வொங்குக்கும் பிரெஞ்சு அரைகுறை. அவளுக்கும் அப்படித்தான். அதனால் அவர்களுடைய கன்ரனீஸ் மொழியையே படிக்கத் தொடங்கினாள். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பாள். இரண்டு வருடத்தில் அடுப்படிப் பேச்சு பிடிபட்டுவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையாட்களின் மதியச் சாப்பாட்டுக்குக் கணவாய் மீன் வறுக்கலாம் என்றார் மதாம். அது வொங்குக்குப் பிடித்த சாப்பாடு. சாரதாதேவி விரைந்து போய், "முதலாளி உங்கள் கணவாயை வறுக்கச் சொன்னார்" என்று கன்ரனீஸில் சொன்னாள்.

வொங் கத்தியை வைத்தார். ஏப்ரனைக் கழற்றி மடித்தார். பதினொரு வருடம் அங்கே வேலை செய்தவர், ஒன்றும் கேட்காமல் பின்கதவுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மதாம் வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஒருவருடைய கணவாயை வறுப்பது என்றால், அவர்கள் பேச்சில், அவரை வேலையிலிருந்து நிறுத்துவது. மதாம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வொங் சிரிக்க அரைமணி நேரம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து கணவன் மகாலிங்கத்திடம் சொன்னாள்.

"சொல்லுகளைத்தான் படிச்சிருக்கிறன். ஆருக்கு எப்ப சொல்லுறதெண்டு படிக்கேல்லை."

"பேசாமல் விடுமன். பிரெஞ்சே காணும்."

"ஏன் விடவேணும்? இனிக் கேட்டுக் கேட்டுப் படிப்பன்."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வொங்கைப் பிடித்துக்கொண்டாள். இதை முதலாளிக்குச் சொல்லலாமா? வயதானவருக்கு? கோபத்தில் சொல்வதா, பகிடிக்கா? வெங்காயத்தாள் அரிந்துகொண்டே அவர் விளக்குவார். பிழையாகச் சொன்னால் கரண்டியால் சட்டியில் தட்டுவார். திருத்தும் வேலை அவருக்கும் பிடித்துப்போயிற்று.

போன மாரியில் அவளுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு வேலைக்கு வந்தபோது, கால் எப்படி என்று வொங் கேட்டார்.

"யாவ் சம்" என்றாள் சாரதாதேவி. 'மனம் இருக்கு' என்பது அதன் நேர்ப்பொருள். சுகம் விசாரித்தவரின் அக்கறைக்கு நன்றியாக, மறுமொழியில் மட்டும் சொல்வது, முந்திக்கொண்டு சொல்லக் கூடாதது.

சட்டியில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. வொங் உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து, மரக்கறிக் கூடைக்கு அருகில் வைத்தார். அவள் அதில் உட்கார்ந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.