ஒற்றைக்குழலும் ஒரு கையெழுத்தும்

சுரிங்தா ஊரின் அரசாங்க வேட்டைக் கிடங்கில் இருபத்தாறு வருடம் துப்பாக்கி கொடுத்து வாங்கியவள் நான். ஆளைப் பார்த்ததுமே இவன் எதைக் கேட்பான் என்று சொல்லிவிடுவேன். வாய்ச்சவடால்காரன் ரைபிள் கேட்பான். குறி தப்பும் என்று பயப்படுகிறவன் இரட்டைக்குழல் கேட்பான். சவேலி எழுபத்தாறாம் வருடம் செப்டம்பரில் கேட்டது பழைய ஒற்றைக்குழல். 

சவேலிக்கு அப்போது ஐம்பத்தேழு. மேலாற்றில், பனிக்கட்டையில் சறுக்கிப் போனால் ஒன்பது நாள் தூரத்தில், அவனுடைய மரக்குடில். அக்டோபரில் போவான், பனி உருகும் முன் திரும்புவான். முப்பது வருடமாக அப்படித்தான். அவன் மனைவி உஸ்தீனியா இருந்தவரை ஊரில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஜன்னல்களுக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டு, ஊரில் இருக்கும் நாட்களில் சமையலறையில் மட்டும் படுத்துக்கொண்டான். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். என் புருஷனையும் ஆறு கொண்டுபோய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒளிப்பானேன், எனக்கு சவேலியைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். ஐம்பது வயசில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று கிடங்கில் படகுக்காகக் காத்திருந்தவர்கள் அவன் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டை எட்டிப் பார்த்து ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் பன்தெலேய்க்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது.

"என்னய்யா சவேலி, கல்யாணத்துக்கு வேட்டு போடப் போறியா? ஒத்தக்குழலைத் தூக்கிட்டுப் போறே! கரடி வந்து நின்னா, ஒரு குண்டு போட்டுட்டு, 'கொஞ்சம் இரு சாமி, அடுத்ததைப் போடுறேன்'னு சொல்லுவியா?"

"முதல் குண்டு பட்டா ரெண்டாவது எதுக்கு?" என்றான் சவேலி.

"ரைபிளை எடுய்யா. முன்னூறு கஜம் தள்ளி மூஸ் மான் நின்னாலும் விழும்."

"காட்டுக்கோழியைச் சுட்டா? இறகுதான் மிஞ்சும், கறி எங்கே? வருஷத்துக்கு ஒரு மூஸ் போதும் எனக்கு. தினம் அடுப்புல வேகுறது கோழிதானே."

"அப்ப சின்னத் தோட்டா ரைபிள்?"

"அதால கரடிக்குக் கிச்சுகிச்சு மூட்டத்தான் முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சவேலி அபூர்வமாக விரலை மடக்கி நீளமாகப் பேசினான். ரைபிள் தோட்டா தொழிற்சாலையில் செய்வது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒற்றைக்குழலின் பித்தளைத் தோட்டாக் கூட்டை முப்பது நாற்பது தடவை நிரப்பிச் சுடலாம். ஒரே குழலில் கோழிக்கு ஈய ரவை, கரடிக்கு உருண்டைக் குண்டு. ஈயத்தை அடுப்பிலேயே உருக்கி அச்சில் வார்த்துக்கொள்ளலாம். அதில் உடைவதற்கு இருப்பது சுடும் ஊசியும் சுருள்வில்லும்தான், இரண்டிலும் ஒரு உபரி இருந்தால் போதும்.

"நனைஞ்சாலும் சுடும், உறைஞ்சாலும் சுடும். அதுக்கு யாரும் வேணாம்" என்று முடித்தான்.

நான் சீட்டைப் பார்த்தேன். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு டப்பா வெடிமருந்து தாராளம். அவன் எட்டு டப்பா எழுதியிருந்தான். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மூவாயிரம். ஈயம் ஒரு மூட்டை. வேட்டைத் தோல்களைக் கீழே கொண்டுவர, கலைமான் மேய்க்கும் எவென்கி இனத்துக் கேஷாவிடம் பேசிவைத்திருந்தான். கேஷாவின் கூடாரம் சவேலியின் குடிலிலிருந்து நாலு நாள் இறக்கத்தில். உப்பும் தேயிலையும் கேஷாவே கொண்டுபோய்க் கொடுப்பான். அதாவது சவேலி திரும்பி வரப்போவதில்லை.

மற்றவர்கள் படகுக்குப் போன பிறகு, அலமாரியிலிருந்து ஒரு ரைபிளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதையும் எடுத்துக்கோ. ரைபிள் இல்லாம தோல் ஒப்பந்தம் கிடையாதுன்னு புது உத்தரவு."

"எனக்கு வேணாமே, கிளாவா."

"அப்ப மருந்தும் கிடையாது. இங்கே கையெழுத்துப் போடு. ரைபிள் அரசாங்கச் சொத்து. வருஷா வருஷம் ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள நீ கொண்டுவந்து காட்டணும், நான் நம்பரைப் பார்க்கணும். வரலைன்னா என்னைத்தான் ஜெயில்ல போடுவாங்க."

ரைபிளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நிஜம், ஒற்றைக்குழலுக்கு அந்தத் தொல்லை இல்லை. உத்தரவு என்றது பொய், ஜெயில் என்றது பச்சைப் பொய். ஆனால் தன்னால் இன்னொருத்திக்குக் கஷ்டம் என்றால் சவேலி தாங்கமாட்டான். அது எனக்குத் தெரியும், அதில்தான் கை வைத்தேன். அவன் ரைபிளைக் கையில் தூக்கிப் பார்த்தான். "நாலு கிலோ வெட்டிச் சுமை" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

எழுபத்தேழு மார்ச் கடைசியில் வந்தான். ஒன்பது நாள் நடந்து, தாடி முழுக்கப் பனிக்கட்டியோடு. ரைபிளின் பூட்டைத் திறந்து பார்த்தேன். நான் செப்டம்பரில் தடவிய கிரீஸ் அப்படியே இருந்தது.

"ஒரு தடவைகூடச் சுடலியா?"

"கிரீஸைக் கழுவவே இல்லையே, குளிர்ல எப்படிச் சுடும்?"

என் வீட்டில் மூன்று நாள் இருந்தான். மாவுக் கொழுக்கட்டைக்குள் கறி வைத்து அவித்துப் போட்டேன், தின்றான். அவனுடைய ஒற்றைக்குழலை எங்கள் ஊர் வழக்கப்படி வாசற்கூடத்தில், குளிரிலேயே மாட்டியிருந்தான். சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்த்துவிடும், வெளியே போனதும் ஊசி உறைந்துபோகும். காலையில் விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் ஆணியில் அது தொங்குவதைப் பார்ப்பேன். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறான் என்று மனசு நிறையும். நாலாம் நாள் ஆணி காலியாகிவிடும். அப்புறம் முந்நூற்று அறுபது நாள் நான் உண்டு, என் சுவர்க்கடிகாரம் உண்டு.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. ஒவ்வொரு வருடமும் வந்தான். எண்பதில் அவன் முழங்கால் வீங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கம்பளி ஜோட்டைக் கழற்றவே அரைமணி ஆயிற்று.

"கிளாவா, இந்த ரைபிளை வாங்கி வச்சுக்கோயேன். உன் அலமாரியிலேயே கிடக்கட்டும்."

அப்போதாவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். "சட்டம் சட்டம்தான்யா" என்றேன், பாவி.

எண்பத்தொன்றில் ஏப்ரல் ஒன்று வந்தது, சவேலி வரவில்லை. அஞ்சு நாள் ஆற்றங்கரைக்கும் கிடங்குக்கும் நடந்தேன். ஆறாம் நாள் கேஷா கலைமான் வண்டியில் வந்து இறங்கினான். கையில் சாக்குத்துணி சுற்றிய ரைபிள்.

"சவேலி மாமா குடுத்துவிட்டாரு, கிளாவாக்கா. நம்பரைப் பாத்துக்கச் சொன்னாரு."

"ஆள் எங்கடா?"

"உயிரோடதான் இருக்காரு, உக்காருங்க. பிப்ரவரியில விறகு பிளக்கும்போது கோடாலி கால்ல இறங்கிடுச்சு. ரெண்டு விரல் போச்சு. நாலு நாள் தூரத்தைப் பதினோரு நாள் நடந்து, பாதி தவழ்ந்து என் கூடாரத்துக்கு வந்தாரு. வைத்தியத்துக்குன்னு நினைச்சேன். மனுஷன் ரைபிளை நீட்டுறாரு. 'ஒண்ணாம் தேதிக்குள்ள போயாகணும், இல்லேன்னா கிளாவா ஜெயிலுக்குப் போயிடுவா'ங்கறாரு."

"வண்டியில போட்டுக் கூட்டிட்டு வரவேண்டியதுதானே!"

"அவரு என் காலைப் பிடிச்சுக் கெஞ்சாத குறை. 'ஊருக்கு வந்தா நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவா, அங்கேருந்து முதியோர் இல்லம். அந்தக் கட்டில்ல சாகமாட்டேன்'ங்கறாரு. நாய் வேற தனியாக் கிடக்கு. திரும்பக் குடில்ல கொண்டுபோய் விட்டு, விறகு அடுக்கிக் குடுத்துட்டு வரேன். அதான் லேட்டு." தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். "நெசமாவே ஜெயிலாக்கா?"

"இல்லடா. மேலிடத்துக்கு ஒரு கடுதாசி எழுதணும். அவ்வளவுதான்."

கேஷா தொப்பியை மறுபடி மாட்டினான். அப்புறம், "ஒரு கடுதாசிக்காகவா?" என்றான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவன் புறப்படும்போது, ரைபிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். மேஜைமேல் கிடந்தது அது. புதுச்சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தால், விரல் இல்லாத காலோடு அடுத்த ஏப்ரலிலும் வருவான். வந்தே தீருவான். ஒரு நிமிடம், கடவுள் மன்னிக்கட்டும், பேனாவைத் தேடினேன்.

பிறகு ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"ஜெயில் கிடையாதுன்னு சொல்லு. கிளாவா பொய் சொன்னான்னு சொல்லு. இனிமே அவன் வரவேண்டியதில்ல."

"ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டா?"

"கேக்கமாட்டான்."

செப்டம்பரில் கேஷா உப்பு வாங்கப் படகில் வந்தான். சவேலியின் கால் ஆறிவிட்டதாம், குச்சி ஊன்றி நடக்கிறானாம், ஒற்றைக்குழலால் மூன்று காட்டுக்கோழி அடித்து இவனுக்கும் குழம்பு வைத்துப் போட்டானாம்.

"நான் சொன்னதைச் சொன்னியா?"

"சொன்னேன். அடுப்புல ரெண்டு விறகைத் தள்ளினாரு. அப்புறம், 'நாலு வருஷமும் சும்மாவா நடந்தேன்?'னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்னக்கா தெரியும்? தெரியாதுன்னேன்."

நான் உப்பை நிறுத்துக் கட்டினேன். கேஷா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்கு இறங்கினான். இஞ்சின் மூன்று தடவை இருமி நின்று, நாலாவது தடவை பிடித்தது. அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. சும்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப, படகு வளைவைத் தாண்டிய பிறகுதான் என் வாய் திறந்தது.