போன் கம்பெனிப் பெண்ணும் டச் போனும்

என் கணவர் தம் முதல் டச் போனை என்னிடம் காட்டியபோது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆகுமா ஆகாதா என்பதே அன்று காலை பதினொரு மணிக்குத்தான் தெரிய இருந்தது.

பெண் பார்த்தாயிற்று, ஜாதகமும் பார்த்தாயிற்று. அவருடைய அம்மா மட்டும் ஒரு கொக்கி போட்டுவிட்டார். "பொண்ணு அன்னிக்கு வாயே தொறக்கல. ரெண்டு பேரும் ஒரு தபா தனியா பேசட்டும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நான் போன் பண்றேன். அது வாயால சரின்னு சொன்னா பூ வைக்கலாம். இல்லாட்டி வாலாஜாபாத்துல இன்னொரு பொண்ணு கீது, மத்தியானம் போய்ப் பாத்துக்கலாம்."

அந்த வாலாஜாபாத் பெண்ணை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மூன்று நாளாக அவள்மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். எனக்கு இவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, கொதிக்கக் கொதிக்க பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு, கண் கலங்கியும் துப்பாமல் விழுங்கினார் பாருங்கள், அப்போதே பிடித்துவிட்டது.

நான் பென்னலூர். அவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், லாரி கம்பெனியில் வெல்டர். நடுவில் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு ஜூஸ் கடை. அப்பா என்னை அங்கே இறக்கிவிட்டு, வண்டிக்குக் காற்றடிக்க வேண்டும் என்று நாசூக்காக நழுவினார். இரண்டு சாத்துக்குடி ஜூஸ் வந்தது. இவர் கேட்பார், சரி என்று சொல்லிவிடலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். மனிதர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நேத்து சாயந்தரம்தான் வாங்னேன். நீங்க போன் கம்பெனியாச்சே. எப்டி கீதுன்னு பாத்து சொல்லுங்க."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். போன் தயாரிக்கிற கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்தான். தெருவில் யார் வீட்டுச் சார்ஜர் கெட்டாலும் என்னிடம்தான் வரும். ஆனால் என் வேலை, லைனில் வருகிற பட்டன் போனை டியூப் லைட்டின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது. கீறல், தூசி, இடுக்கு, விரல் ரேகை, அவ்வளவுதான். ஆன் செய்து பார்ப்பது வேறு லைன்காரிகள். ஆயிரம் ஆயிரமாக என் கைவழியே போயிருக்கும், ஒன்றையாவது உயிரோடு பார்த்திருப்பேனா? டச் போனையோ அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்வேனா? மூன்று வருடக் கெத்து என்னாவது!

கண்ணாடியில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். வெளிச்சத்துக்குச் சாய்த்தேன்.

"வெயிட் கம்மியாதான் இருக்கு. பின்பக்கம் வெள்ளை நல்லா பளபளன்னு இருக்கு, ஆனா சீக்கிரம் மஞ்சளாயிடும்." நகத்தை ஓரமாக ஓட்டினேன். "மூடி இந்த மூலைல சரியா உக்காரல." காதருகே வைத்து ஆட்டினேன். "ஸ்க்ரூ லூஸ் இல்ல. கேமராக் கண்ணாடிக்குள்ள ஒரு தூசி இருக்கு. எங்க லைனா இருந்தா இதை வெளிய விட்டிருக்க மாட்டேன்."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. ஆசையாக வாங்கியவர், பாவம். "முன்னாடியும் ஒரு கேமரா கீது," என்றார் மெதுவாக. "நம்ம மூஞ்சிய நம்மளே புடிக்கலாம்." பிடித்துக் காட்டினார். மூக்கு மட்டும் விழுந்தது. டார்ச் காட்டினார். பாட்டுப் போட்டார். அவர் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடியில் எண்ணெய்த் தடம். எனக்குக் கை சும்மா இருக்குமா? தடம் விழ விழத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தேன். கேட்க வேண்டியதை மட்டும் மனிதர் கேட்கவே இல்லை.

பதினொன்றுக்குப் போன் அடித்தது. "அம்மாதான்!" என்று துள்ளினார்.

பச்சை வட்டம் ஒன்று துடித்தது. அவர் அதை அழுத்தினார். குலுங்கிவிட்டு நின்றது. ஓங்கி அழுத்தினார். ஊஹூம். "நீங்க எடுங்களேன், நீங்கதான் போன் கம்பெனியாச்சே!" என்று என் கையில் திணித்தார். நான் பட்டனைத் தேடினேன். எங்கே இருக்கிறது பட்டன்? கண்ணாடி முழுக்க அவர் ரேகை. பதற்றத்தில் என் கை தானாகத் துடைத்தது. சத்தம் நின்றுபோனது.

"கட் பண்ட்டீங்களா?" அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கம்மா போன கட் பண்ணா அவ்ளோதாங்க. பொண்ணு வேணாம்னுடுச்சுன்னே நெனச்சுக்கும்."

வாலாஜாபாத்துக்காரி என் கண்முன்னே வந்து நின்றாள். "திருப்பிப் போடுங்களேன்!" என்றேன்.

"நம்பர் பழைய போன்லதான் கீது."

இப்போது வந்த நம்பராவது உள்ளே இருக்குமே என்று இரண்டு பேருமாகத் தேடினோம். பாட்டு வந்தது. டார்ச் எரிந்தது. மறுபடி அந்த மூக்கு வந்தது. நம்பர் மட்டும் வரவில்லை. என் வாழ்க்கை ஒரு ஜூஸ் கடையில் இப்படியா போக வேண்டும்!

அதற்குள் மறுபடியும் அடித்தது. அவர் ஒருபக்கம் குத்த, நான் ஒருபக்கம் துடைக்க, சத்தம் மறுபடியும் நின்றது. எனக்குப் பொங்கிவிட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு! நான் ஒரு போனையும் ஆன் பண்ணதே இல்லைங்க, எனக்குத் துடைக்கத்தான் தெரியும்! உங்களுக்கு என்ன வந்துச்சு? லாரிக்கே வெல்டிங் அடிக்கிறீங்க, பெத்த அம்மா கூப்பிட்டா எடுக்கத் தெரியல! வந்ததுலேர்ந்து மூக்கைக் காட்டுறீங்க, டார்ச்சைக் காட்டுறீங்க, ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களைக் கட்டிக்கிட்டு நான் எப்படித்தான் குப்பை கொட்டப் போறேனோ!"

பக்கத்து மேசைக்காரர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்போது என் கையிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"யம்மா..."

போனைக் கீழே போடாதது என் புண்ணியம். துடைத்த துடைப்பில் இந்தத் தடவை கட் ஆகாமல் எடுபட்டிருக்கிறது! காதில் வைத்தேன்.

"லைன்லதான் கீறேன்மா. எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன். இவங்கப்பா போய்ச் சேந்த நாளா இவன நான் ஒருத்தியே திட்டிக்கினு கீறேன். ஒண்டியா எத்தினி நாளிக்கும்மா திட்டறது? நீ வந்துடு."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. எதிரே அவர், என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஜூஸ் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க அத்தை," என்றேன்.