லாரியை நிறைக்காத கோடித்துணி

மராட்டியத்தில் 1993இல் பூகம்பம் வந்தபோது நான் அருப்புக்கோட்டையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எங்கள் ஊர்ப் பஞ்சு வியாபாரி ஒருவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் லோடு வரும். பஞ்சு எடுக்கப் போகும் லாரி காலியாகத்தானே போகிறது, அதில் துணிமணி நிறைத்து அனுப்புகிறேன் என்று வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை லாரி கிளம்ப வேண்டும்.

வியாழனன்று ஆட்டோவில் மைக் கட்டினார். "பழைய துணிகளைத் தந்து உதவுங்கள்" என்று கூவிக்கொண்டே ஆட்டோ பாளையம்பட்டி வரை இரண்டு நடை போய் வந்தது. சேர்ந்தது மூன்று மூட்டை. அதில் ஒன்று அவர் வீட்டு மூட்டை.

"காலி வண்டிய அனுப்பிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்த கூட்டத்துல போய் உக்காருவேன்?" என்றார் என்னிடம். ஊராரின் கஞ்சத்தனம் பற்றியும் நிறையச் சொன்னார். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

வெள்ளி காலை அவரே ஆட்டோவில் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். நெசவாளர் தெருவில், வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கைகாட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அங்க எத்தன சாவு?"

"ஆயிரக்கணக்குலம்மா."

"அப்ப அது எழவு வீடு. எழவு வீட்டுக்குப் பழந்துணியா கொண்டு போவாக? உங்க சம்பந்தி வீட்டுச் சாவுக்கு இப்படித்தான் செஞ்சீகளா?"

பக்கத்து வாசல்களில் சிரிப்பு. வியாபாரி மைக்கை அணைத்தார். சாவு விழுந்த வீட்டுக்குக் கோடி, அதாவது புதுத்துணி, எடுத்துப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உடுத்தியதைக் கொண்டுபோனால் வாசலிலேயே பேச்சு விழும்.

"தப்புதான் தாயி" என்றவர் மைக்கை மறுபடி போட்டார். "கோடி போடுறவுக போடலாம். சாயங்காலம் லாரி கிளம்புது."

மத்தியானத்துக்குள் அவர் கடை முன்னால் கூட்டம். தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த சேலைகள், தொங்கும் நூலைக்கூட வெட்டாமல். வேட்டிகள், துண்டுகள். நான்கு வீட்டார் சேர்ந்து எடுத்த ஒரு சேலை. திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்த கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் இரண்டு துண்டுகளை வைத்துவிட்டு, துக்க வீட்டில் செய்வதுபோல, சொல்லிக்கொள்ளாமலே நடந்தார்.

சிக்கல் வேறு பக்கம் வந்தது. புதுத்துணி மடித்தால் இடத்தை அடைக்காது. அவ்வளவையும் ஏற்றியும் லாரியில் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. ரோட்டில் நின்று பார்த்தால் வண்டி காலிதான்.

டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். அப்போது வியாபாரிகள் கூட்டத்தில் கைதட்டியவர்களில் ஒருவரான எண்ணெய்க் கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, காத்தையா லோடு ஏத்தியிருக்கீக?"

பஞ்சு வியாபாரி கோபப்படவில்லை. "டயர்ல கால வச்சு ஏறிப் பாருங்க" என்றார்.

அவர் ஏறினார். பலகையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி, சைக்கிளைத் திருப்பினார்.

"வண்டிய எடுக்கச் சொல்லிறாதீக. ஜவுளிக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன்."

வியாபாரி டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். இன்ஜின் நின்றது.