அருமை ஆயிருச்சுங்களா?

கல்யாணப் போட்டோக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் தாலி கட்டும் படம் எடுத்திருக்க வேண்டும். நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் அதுதான் கணக்கு. பெண் அழைப்பு, பந்தி, சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிற குரூப் இதையெல்லாம் யாரும் எடுக்கலாம். சரியாக வரவில்லை என்றால் மறுபடி நிற்கச் சொல்லலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அதனால் அந்த ஒரு படத்தை முதலாளிதான் எடுப்பார். நான் பக்கத்தில் நின்று ஃப்ளாஷ் பல்பு மாற்றிக் கொடுப்பேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். தறிக்காரக் குடும்பம். எட்டாவதோடு படிப்பு நின்று போனது. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமென்று ஸ்டூடியோவுக்குப் போனவன், படம் கழுவுகிற இருட்டறை வாசனையை விட்டு வர முடியாமல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். முதலில் பிரிண்ட் கழுவினேன். பிறகு நெகட்டிவில் பென்சிலால் முகத்துத் தழும்பு மறைக்கப் பழகினேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க விடுவதற்கே வருஷங்கள் ஆயிற்று. நடுவில், தபாலில் போட்டோப் பாடம் அனுப்புகிற ஒரு பள்ளியிலும் சேர்ந்தேன். பாடம் முழுக்க இங்கிலீஷ். பழைய பனியன் கம்பெனிக் கணக்குப்பிள்ளையிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்து எப்படியோ பாஸாகிவிட்டேன். சர்டிபிகேட்டைச் சிவன்மலைக்குக் கொண்டுபோய் முருகன் பாதத்தில் வைத்து வாங்கி வந்து, கண்ணாடி போட்டு மாட்டினேன். அதற்குப் பூ வைத்தது என் மனைவி.

அவளும் எனக்குச் சரிசமமாக வேலை செய்தவள்தான். அப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவோம். சேலைக்குச் சிவப்பு, மாலைக்கு மஞ்சள் என்று சன்னமான பிரஷ்ஷில் அவள்தான் தீட்டுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பழனிக்கும் சிவன்மலைக்கும் நடந்துகொண்டே இருந்தோம். வேண்டுதலுக்குப் போட்ட செப்புக் காப்பு ஒன்று என் வலது கையில் கிடந்தது.

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு பல்லடம் ரோட்டில் தனியாக ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்தேன். சொந்தமாக வந்த முதல் கல்யாண ஆர்டர் குண்டடம் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துக் குடும்பம். பெண்ணின் அப்பாவும், தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவரும் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்டார். நான் சர்டிபிகேட்டைக் காட்டினேன். முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பிக்கு அருமை ஆயிருச்சுங்களா?" என்றார்.

வேலை நன்றாக இருக்குமா என்று கேட்கிறார் போலிருக்கிறது, இந்தப் பக்கத்துப் பேச்சு இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். "ஆமாங்க, அருமையாத்தானுங்க இருக்கும்" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது. சின்ன வயதிலேயே ஆகிவிட்டதே என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். பரீட்சை பாஸானதைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பெரிய பந்தல். கேமராப் பையை இறக்குமுன் பெண்கள் சொம்பில் தண்ணீரோடு வந்தார்கள். என்னைப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். முதலாளியோடு போன கல்யாணங்களில் நாங்கள் சமையல்கட்டுப் பக்கம்தான் உட்காருவோம். சர்டிபிகேட்டுக்கு இவ்வளவு மரியாதையா, இதைப் பார்க்க மனைவியை அழைத்து வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

தலைப்பாகைப் பெரியவர் வெற்றிலை மடித்தபடி, "கொழந்தைங்க எத்தனைங்க தம்பி?" என்றார்.

"இன்னும் முருகன் கண்ணு தொறக்கலீங்க." யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில்தான்.

அவர் கை அப்படியே நின்றது. "அருமை ஆச்சுன்னு சொன்னீங்களே?"

"படம் அருமையா வரும்னுதானுங்க சொன்னேன்."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் எனக்கு விளங்கச் சொன்னார்கள். அவர்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது. அருமைக்காரர் என்று ஒருவர்தான் எல்லாச் சீரும், அதாவது சடங்கும், செய்து வைப்பார். யார் வேண்டுமானாலும் அருமைக்காரர் ஆகிவிட முடியாது. பிள்ளை பெற்று, அதற்கென்று ஒரு சீர் செய்துகொண்ட ஆளாக இருக்க வேண்டும். அதைத்தான் அருமை ஆவது என்பார்கள். அந்தப் பெரியவர்தான் நாளைய அருமைக்காரர். தாலி கட்டும்போது அவருக்குச் சமமாக எதிரில் நிற்கப்போகிற ஆள் போட்டோக்காரன் என்பதால், என்னையும் அதே கேள்வி கேட்டிருக்கிறார். டவுன் மண்டபங்களிலேயே பழகின எனக்கு அந்தச் சொல் தெரியாமல் போய்விட்டது.

பெரியவருக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. உங்களத் தப்புச் சொல்லலீங்க. தாலி ஏறறப்ப பொண்ணு நிமுந்து பாத்தா எதுக்க நெறஞ்ச ஆளா நிக்கோணும். அது ஒரு மொறை, அவ்வளவுதானுங்க."

என் வாயில் அப்போது என்ன வந்தது தெரியுமா? "சர்டிபிகேட் இருக்குதுங்களே" என்றேன்.

"அதுல புள்ள பொறந்திருக்குதுன்னு எழுதியிருக்குதுங்களா?" என்றார் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை, பெண்ணின் அக்கா புருஷன். வேடிக்கைக்காரர். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கே உடனே சங்கடமாகிவிட்டது. என் தோளில் கை வைத்து, விளையாட்டுக்குச் சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பெண்ணின் அப்பா பந்தக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு போட்டோக்காரரைப் பிடிக்க நேரமில்லை. என்னைப் போகச் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மற்ற எல்லாப் படமும் நான் எடுக்க வேண்டியது. தாலி கட்டும்போது மட்டும் நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எல்லாம் சரிசெய்து வைத்தால், மூன்று பிள்ளைக்குத் தகப்பனான மூத்த மாப்பிள்ளை பட்டனை அமுக்குவார். எல்லோருக்கும் திருப்தி. எனக்கும் சரிதானே என்று கேட்டார்கள். "சரிங்க" என்றேன். இவ்வளவு வருஷம் எந்த ஒரு படத்துக்காகப் பழகினேனோ, அதை அந்த ஒரு சொல்லில் கொடுத்துவிட்டேன். வேறென்ன சொல்வது? பிள்ளையைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட முடியுமா?

விடியற்காலை மூத்த மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"மாடு கறக்கறாப்ல பதமா அமுக்கோணுமா, மோட்டார் சுச்சுப் போடறாப்ல டக்குனு அமுக்கோணுமா?"

"கறக்கறாப்லதானுங்க. மூச்சப் புடிச்சுக்குங்க. நான் இப்பன்னு சொல்றப்ப அமுக்குங்க."

ஃப்ளாஷ் விளக்கைத் தனியே ஒயரில் இணைத்து, அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தக்கால் மறைவில் நின்றேன். பெண்ணின் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாது என்று தூணோடு ஒட்டிக்கொண்டேன். மேளம் கொட்டியது. அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். நான் "இப்ப" என்று சொன்னேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அதற்கு முன்பாகவா பின்பாகவா, பல்பு பளீரென்று என் கையிலேயே எரிந்தது. முருகா, படம் கெட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேனா, நன்றாக வரட்டும் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

படம் நன்றாகவே வந்திருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கில் அது மெல்ல மெல்ல எழுந்து வரும்போதே தெரிந்துவிட்டது. கல்யாண மாப்பிள்ளையின் விரலில் முடிச்சு, பெண்ணின் குனிந்த தலை, அருமைக்காரரின் அட்சதை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான் எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டேன்.

காய்ந்த பிரிண்டை வர்ணம் தீட்ட மனைவியிடம் கொடுத்தேன். நடந்தது எதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் சேலைக்குச் சிவப்புத் தொட்டவள், பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஓரத்தில், பந்தக்காலுக்குப் பக்கத்தில், விளக்கைத் தூக்கிப் பிடித்த ஒரு கை விழுந்திருந்தது. மணிக்கட்டில் காப்பு.

"இது உங்க கைதானே?"

"ஆமா."

"அப்ப அமுக்குனது யாரு?"

"அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. மூணு பிள்ளைக்குத் தகப்பன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "படம் நல்லா வந்திருக்கு" என்றாள். தாலிச் சரட்டுக்கு மஞ்சள் வைத்தாள்.

ஆல்பத்துக்கு என் கை விழாமல் ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். பெண்ணின் அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த மகள் கல்யாணத்துக்கும் என்னையே சொன்னார். அமுக்குவதற்கு ஆள் அவர்களிடமே இருப்பதாகவும், நான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமென்றும் சொன்னார். அவர் சொல்லித்தான் அந்தப் பக்கத்தில் நிறையக் கல்யாணம் எனக்கு வந்தது. ஒருவரும் என்னை வேண்டாமென்று சொன்னதில்லை. போகிற இடமெல்லாம் பிள்ளை பெற்ற ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேமரா பக்கத்தில் தயாராக நிற்பார். நான் அவருக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பேன்.

அடுத்த கிருத்திகைக்குச் சிவன்மலை ஏறினோம். சன்னதியில் நின்றபோது எதைக் கேட்பதென்றே எனக்கு ஓடவில்லை. பிள்ளையைக் கேட்பதா, அந்த ஒரு படத்தைக் கேட்பதா? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றுக்காகக் கேட்டது போலாகிவிடுமே என்று அவளிடம் மெல்லச் சொன்னேன்.

அவள் முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தாள். "ரெண்டுக்கும் சேத்து ஒரே சூடமா ஏத்திருங்க" என்றாள்.

ஏற்றினேன்.